தண்ணிக்கு நின்ற ரயில்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தப் பெயரை வைத்தது யார், அதற்கு முன் என்ன பெயர் வைப்பதாக இருந்தார்கள், ஞானஸ்நானத்தன்று கோயிலுக்குச் சாமியார் ஏன் தாமதமாக வந்தார் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். அவர் அப்படித்தான் சொல்வார். பெயரை மட்டும் தனியாக அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. ஊரில் எல்லாரும் ஹால்ட்டக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

பாலக்கோட்டுக்கும் தருமபுரிக்கும் நடுவே, எங்கள் ஊரை ஒட்டி ரயில்பாதை போகிறது. அங்கே ஒரு ஹால்ட். ஸ்டேஷன் மாஸ்டர், சிக்னல், வெயிட்டிங் ரூம் எதுவும் இல்லாமல் பாசஞ்சர் ரயில் ஒரு நிமிஷம் நின்று போகிற இடத்தை அப்படிச் சொல்வார்கள். ஓர் அறை, அதில் ஒரு ஜன்னல், இரண்டு சிமெண்ட் பெஞ்சு, ஒரு புங்கமரம், ஊர்ப் பெயர்ப் பலகை. சற்றுத் தள்ளி நான்கு கல்தூண்களின் மேல் துருப்பிடித்த இரும்புத் தொட்டி ஒன்று. அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பவர்தான் ஹால்ட்டக்கா. ரயில்வே ஊழியர் அல்ல, ஒப்பந்தத்தின் பேரில் டிக்கெட் விற்பவர். அவருக்கு முன்னால் அவருடைய மாமனார் அதே ஜன்னலில் இருந்தாராம். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் மாதா உருவம் பொறித்த சின்னப் பதக்கம் கோத்த கறுப்புக் கயிறு. மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கத்துக் காதுக்கம்பி உடைந்து, அந்த இடத்தில் நூல் கட்டியிருப்பார்.

எந்த விஷயத்தையும் நடுவிலிருந்து சொல்ல அவருக்கு வராது. யாராவது குறுக்கே பேசிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வராது. மறுபடியும் முதலிலிருந்துதான்.

"அக்கா, ரயிலு லேட்டாங்க்கா?" என்று கேட்போம்.

"காலையில எந்திரிச்சி வாசத் தெளிச்சிக்கிட்டு இருந்தனுங்க. அப்ப பாலு ஊத்தறவரு வந்தாரு…"

"லேட்டான்னு மட்டும் சொல்லுங்க்கா."

"அதத்தான சொல்லிக்கிட்டு வர்றன். காலையில எந்திரிச்சி வாசத் தெளிச்சிக்கிட்டு இருந்தனுங்க…"

பால்காரருக்கு ஒரு மச்சான். அந்த மச்சான் ரயில்வே லைனில் வேலை பார்ப்பவர். அவர் பால்காரருக்குப் போன் பண்ணியிருப்பார். முக்கால் மணி நேரம் தாமதம் என்ற செய்தி எங்கள் காதுக்கு வந்து சேரும்போது அதில் இருபது நிமிஷம் கழிந்திருக்கும்.

என்னால் இதைத் தாங்க முடியவில்லை என்றால் அதற்குக் காரணம் இருந்தது. அப்போது என் மகளுக்கு இரண்டேகால் வயது. ஒரு வார்த்தை பேசவில்லை. காது நன்றாகக் கேட்டது. சொன்னதைச் செய்தாள். சிரித்தாள். வாயிலிருந்து சொல் மட்டும் வரவில்லை. என் கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் போய்விடுவார். மாமியாரோ, "எங்க வூட்டுல அல்லாருமே லேட்டாத்தான் பேசனோம். உன் வூட்டுக்காரன் நாலு வயசு வரைக்கும் கையத்தான் காட்டுவான்" என்று முடித்துக்கொண்டார். நான் பி.எஸ்சி., பி.எட். படித்தவள், கல்யாணத்துக்கு முன் ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருஷம் பாடம் நடத்தியவள். ஊரில் இன்னமும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். குழந்தை பேசாததைப் பற்றிக் கைபேசியில் நான் படிக்காத பக்கம் இல்லை. படித்ததெல்லாம் என் மேலேயே திரும்பியது. சோறூட்டும்போது அந்தக் கைபேசியைத்தானே காட்டினேன், அதனாலா? நான் அவளிடம் குறைவாகப் பேசினேனா? இல்லை, அவள் வாய் திறக்கும் முன் நானே எல்லாவற்றையும் பேசிவிட்டேனா?

தருமபுரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் ஒருவர் கிடைத்தார். செவ்வாய்க்கிழமை தோறும் வகுப்பு. முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரு வாரம்கூட விட்றாதீங்க. விட்டுட்டா மறுபடியும் முதல்லருந்து ஆரம்பிக்கணும்."

பஸ்ஸில் போக முடியாது. எங்கள் தடத்து பஸ்களில் அடிக்கும் ஏர்ஹாரன் சத்தத்துக்கு என் மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள். இறங்கிய பிறகும் அரை நாள் தேம்பிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்ட குழந்தையை உட்கார வைத்து என்ன பயிற்சி கொடுப்பது? பாலக்கோடு போய் அங்கே ரயில் ஏறலாம் என்றால் பாலக்கோடு போவதற்கும் பஸ்தான். வாராவாரம் ஆட்டோ வைத்துப் போக எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ரயில் அவளுக்குப் பிடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தருமபுரி வரை அமைதியாக வருவாள். ஆக அந்தக் காலை பாசஞ்சரும் அந்த ஒரு நிமிஷ நிறுத்தமும்தான் எனக்கு எல்லாமே.

அதனால் ஒன்றேகால் வருஷம், செவ்வாய்க்கிழமை தோறும், நானும் என் மகளும் ஹால்ட்டக்காவின் ஜன்னலுக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தோம். ரயில் வரும்வரை அவர் ஹால்ட்டின் கதையைச் சொல்வார். நான் கேட்டதில்லை. அவராகவே சொல்வார். ஆரம்பம் எப்போதும் ஒன்றுதான்.

"மொத மொதல்ல இங்க ரயிலு நின்னது ஆளுக்கில்லைங்க…"

இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். இரும்புத் தொட்டிப் பக்கம் கையை நீட்டி, கண்ணாடிக்கு மேலே புருவத்தைத் தூக்கிக்கொண்டு எங்களைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருப்பார்.

"தண்ணிக்கு. தெரியுங்க்கா" என்பேன் நான்.

"ஆமாங்க, தண்ணிக்கு!" என்று திருப்தியாகத் தொடர்வார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். கரி எஞ்சினுக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. ஆனால் இந்த இடத்துக் கிணற்றில் மட்டும் தண்ணீர் கல்கண்டு மாதிரி இருந்தது. அதனால் தொட்டி கட்டினார்கள். எஞ்சின் நின்று தண்ணீர் பிடிக்கும். அது குடித்து முடிப்பதற்குள் ஒரு பொம்பளை கத்தரிக்காய்க் கூடையைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தானும் ஏறிவிட்டாள். கார்டு சத்தம் போட்டார். அவள் இறங்கவில்லை. மறுநாள் நான்கு பேர் ஏறினார்கள். அடுத்த வாரம் ஊரே ஏறியது. வேறு வழியில்லாமல் பலகை நட்டு ஹால்ட் என்றார்கள். அப்புறம் கரி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது. டீசலுக்குத் தண்ணீர் எதற்கு? ரயில் நிற்காமல் போக ஆரம்பித்தது. "அப்ப எங்க மாமனாருக்கு எளவயசுங்க. ஊர்ல எல்லாரும் கூடி…"

இந்த இடத்தில் ரயில் வந்துவிடும். ஒருநாளும் தவறியதில்லை. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஒன்றேகால் வருஷத்தில் டீசல் எஞ்சினைத் தாண்டி அந்தக் கதை ஓர் அடி நகரவில்லை. நகராததற்கு நானும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "அக்கா, பையக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷி கத்தரிக்காய்க்காரியை விட்டுவிட்டுக் கிணற்றுக்குத் திரும்பிவிடுவார்.

ஒரு தடவை பாம்பு வந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதியதாக ஆகாது.

நானும் பாப்பாவும் போய் உட்கார்ந்தோம். அவர் ஜன்னலுக்குள் இல்லை, வெளியே கையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரு. நேத்து சாயங்காலம் மழ பேஞ்சுதுங்களா?"

"ஆமாங்க்கா."

"பேஞ்சுதா? எங்க வூட்டுப் பக்கம் தூறலுதான். ஆனா இந்தப் பக்கம் நல்ல மழையாட்ட இருக்குது. காலையில வந்து பாக்கறன், பெட்டிக்கடைக்காரரு வூட்டு ஆட்டுக்குட்டி ரெண்டும் இங்க வந்து ஒதுங்கி நிக்குது. சரின்னு வெரட்டி உட்டுட்டு, பின்னால பொடக்காணிப் பக்கம் போயி தொடப்பத்த எடுத்தாந்து கூட்டலாம்னு குனியறனுங்க…"

"அக்கா, ஒரு டிக்கெட்டுக்கு எதுக்குங்க இவ்வளோ கதை? ஒரு டிக்கெட்டு குடுங்க. பாப்பாவுக்கு எப்பவும் இல்லதான?"

"குறுக்க பேசாதீங்க டீச்சரு. நேத்து சாயங்காலம் மழ பேஞ்சுதுங்களா…"

மழை, தூறல், ஆட்டுக்குட்டி, துடைப்பம் எல்லாம் மறுபடியும் வந்தன. நான் பாப்பாவின் தலையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"…குனியறன், புஸ்ஸுனு ஒரு சத்தம். அம்மாம் நீளம். கருநாகமாட்ட இருக்குது. நான் கத்தல, கூப்பாடு போடல. மாதாவே காப்பாத்துன்னு அப்படியே நின்னுட்டனுங்க. அது நவுந்து நவுந்து போயி, இப்ப நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அந்த பெஞ்சிக்கு அடியிலதாங்க சுருண்டுக்கிட்டு இருக்குது."

நான் பாப்பாவை அள்ளிக்கொண்டு எப்படிப் பாதையின் மறுபக்கம் போனேன் என்று இன்றுவரை தெரியாது. அங்கிருந்தே கத்தினேன். "ஏங்க்கா, பாம்புன்னு மொதல்ல சொல்லக் கூடாதா?"

"அது கடைசிலதானங்க வந்துச்சி?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கதை சொன்னார். நான் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்து "தண்ணிக்கு" மட்டும் சொன்னேன். சொல்லாவிட்டால் நிறுத்திய இடத்திலேயே நிற்பார், வேறு வழியில்லை.

மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டதும் அப்படித்தான். கல்யாணம் ஆகாமல் எத்தனை வரன் தட்டிப்போனது என்பதில் ஆரம்பித்தார். கடைசியில் பெங்களூர் மாப்பிள்ளை அமைந்து, கோயிலில் ஓலை வாசிப்பது வரை வந்துவிட்டார். அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, யாருக்காவது தடை இருக்கிறதா என்று கேட்பார்கள். அதுதான் ஓலை. எனக்கு அது அப்போது தெரியாது. பாப்பா பெஞ்சிலிருந்து இறங்கிப் பாதைப் பக்கம் ஓடினாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டே, "தேதி மட்டும் சொல்லுங்க்கா, எந்த ஞாயித்துக்கெழம?" என்று குறுக்கே விழுந்தேன்.

"மொத ஞாயிறு முடிஞ்சிதுங்க. இது ரெண்டாவது. மூணாவது வர்ற ஞாயிறு…"

"சரிங்க்கா, வந்துர்றேன்" என்று முடித்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டி, பாப்பாவுக்குப் பாவாடை சட்டை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் காகிதம் சுற்றி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வழக்கமான பூசை நடந்துகொண்டிருந்தது. பந்தல் இல்லை, பொண்ணு மாப்பிள்ளை இல்லை. சாமியார் இரண்டு பெயரை வாசித்தார். ஹால்ட்டக்கா சாதாரணச் சேலையில் முன்வரிசையில் இருந்து திரும்பிப் பார்த்து, "ஓலைக்கேவா டீச்சரு வந்துட்டீங்க!" என்று உருகிப்போனார். கல்யாணம் புதன்கிழமை. அந்தப் புதன்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல், போக முடியவில்லை. கடிகாரத்தை ஓலையன்றே கொடுத்த ஒரே ஆள் நான்தான் என்று அவர் அதையும் ஒரு கதையாக்கிவிட்டார். அது வரன் பார்த்ததிலிருந்து ஆரம்பிக்கும்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் எனக்கு வலித்தது. கதை நடுவே நான் எதையாவது பேசிவிட்டால் அவர் பாப்பாவைக் காட்டி, "உங்க பாப்பாவப் பாத்துக் கத்துக்குங்க டீச்சரு. குறுக்க ஒரு வார்த்த பேசுதா? நான் இத்தன வருசத்துல பாத்ததுல இதுதான் நல்லாக் கேக்கற புள்ள" என்பார். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "இன்னும் பேசலியா?" என்று கேட்டார்கள். இவர் ஒருத்தர்தான் கேட்கவில்லை. கேட்காமல், பேசாததைப் புகழ்ந்தார். எதைத் தாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் மேடம் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார். தம்ளர் படத்தைக் காட்டி, "பாப்பா குடிக்கிறது…" என்று ஆரம்பித்துவிட்டு நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அவள் "தண்ணி" என்று சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை செய்தேன். பாப்பா என் முகத்தைப் பார்ப்பாள். உதடு லேசாக அசைகிற மாதிரி இருக்கும். மூன்று எண்ணுவதற்குள் "தண்ணி. தண்ணி சொல்லு சாமி, தண்ணி" என்று நானே சொல்லிவிடுவேன். மேடம் திட்டினார். "உங்களுக்குத்தாங்க மொதல்ல பயிற்சி குடுக்கணும்" என்றார். அது உண்மை என்று தெரிந்ததால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்புறம் புதிய கால அட்டவணை வந்தது. அதில் எங்கள் ஹால்ட் இல்லை. பாசஞ்சர் ஓடும், எங்கள் ஊரில் நிற்காது. கடைசிச் செவ்வாய்க்கிழமை ஹால்ட்டக்கா அறையைக் கழுவி, ஜன்னலைத் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி "மொத மொதல்ல…" என்று ஆரம்பித்தார். நான் "தண்ணிக்கு" என்றேன். டீசல் எஞ்சின் வந்ததும் நிஜ ரயிலும் வந்தது. நாங்கள் ஏறினோம். சாயங்காலம் திரும்பி வந்தபோது அறையில் பூட்டுத் தொங்கியது. அடுத்த மாதமே அவர் மகள் வீட்டோடு இருக்கப் பெங்களூர் போய்விட்டார்.

நாங்கள் பஸ்ஸுக்கு வந்தோம். கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டேன், பஞ்சு வைத்தேன். அலறல் குறையவில்லை. மூன்றாவது வாரம் பாதி வழியில் இறங்கி, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அடுத்த இரண்டு வாரம் போகவே இல்லை. மேடம் போனில், "இப்படி விட்டா இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் வீணாப் போயிடும்" என்றார். ஒரு வார்த்தைகூட வராத பிள்ளைக்கு இதுவரைக்கும் என்ன செய்தோம் என்று கேட்க நினைத்தேன்.

ஊரில் கூடினார்கள். மனு எழுதுவது என்று முடிவானது. படித்தவள் என்பதால் என் தலையில் விழுந்தது. எனக்கும் அது வேண்டியிருந்தது. ஊரிலேயே அந்த ரயிலை என்னளவுக்குத் தேடியவர் வேறு யாரும் இல்லை. "டீசலு வந்தப்பவும் இப்படித்தாம்மா நிக்காம போச்சி. அப்பறம் என்னமோ பண்ணி நிறுத்த வெச்சாங்க. என்ன பண்ணாங்கன்னு ஹால்ட்டக்காவுக்குத்தான் தெரியும்" என்றார் பெட்டிக்கடைக்காரர். அன்று செய்ததையே மனுவில் எடுத்துக் காட்டலாம், அதுபோல் இப்போதும் நிறுத்துங்கள் என்று கேட்கலாம் என்றார்கள்.

ஆக, கதையின் கடைசிப் பகுதி எனக்குத் தேவைப்பட்டது. அதற்கு ஒரே வழி இருந்தது.

ஒரு மத்தியானம் பாப்பாவைத் தரையில் டப்பா மூடிகளோடு உட்கார வைத்து, நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன். "எப்படிங்க்கா இருக்கீங்க?" என்று கேட்டது என் தப்பு.

"மொதல்ல பஸ்ஸு ஸ்டாண்டுல வந்து எறங்கினனுங்க…" என்று ஆரம்பித்தார். மகள் வீட்டு பால்கனியிலிருந்து மெட்ரோ ஸ்டேஷன் தெரிகிறதாம். தினம் ரயில் பார்க்கிறாராம். "என்னா ரயிலுங்க அது? கதவு தானாத் தொறக்குது, தானா மூடுது. ஒருத்தரு மூஞ்ச ஒருத்தரு பாக்கறதுக்குள்ள போயிருது. மொதல்ல இந்த ஸ்டேஷன் எடத்துல என்ன இருந்துச்சின்னு அங்க நிக்கற வாட்ச்மேனுகிட்ட கேட்டன். கொத்தில்லம்மான்னுட்டான். கொத்தில்லன்னா கன்னடத்துல தெரியாதுன்னு அர்த்தமாம். அங்கயே நிக்கறவனுக்குத் தெரியாதாம் பாருங்க! அப்பறம் பூ விக்கற ஒரு கெழவிகிட்ட கேட்டன். அவ ஏரின்றா. எளநி வெட்டறவரு கேவுரு வெளையற கொல்லைன்றாரு. ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலைங்க. இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, விசாரிச்சிட்டு வர்றன்."

நான் அடுப்பில் வைத்த குக்கர் மூன்று விசில் அடித்தது. எழுந்து அணைத்துவிட்டு வந்தேன்.

"அக்கா, நம்ம ஹால்ட்டு நிக்காமப் போயி மறுபடி நின்னுச்சே, அது மட்டும் சொல்லுங்க்கா. மனுவுல எழுதணும்."

"எழுதறீங்களா? எழுதிக்குங்க, எழுதிக்குங்க." குரலே மாறிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மொத மொதல்ல இங்க ரயிலு நின்னது ஆளுக்கில்லைங்க…"

நான் எழுதிக்கொண்டிருந்தேன். 'ஆளுக்கு' வரை வந்து பேனாவில் மை வரவில்லை. நோட்டின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன். போனில் அவர் காத்திருந்தார். கையை எங்கோ நீட்டி, புருவத்தைத் தூக்கிக்கொண்டுதான் இருந்திருப்பார். மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணிக்கு" என்றாள் என் மகள்.

நான் நோட்டைக் கீழே போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினேன். தம்ளரில் மொண்டுகொண்டு வந்து அவள் வாயருகே வைத்தேன். "தண்ணியா? தண்ணி வேணுமா சாமி?" அவள் தம்ளரைத் தள்ளிவிட்டாள். தண்ணீர் நோட்டின் மேல் கொட்டியது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, தண்ணிக்கு!" என்று போன் தொடர்ந்தது. "இந்தச் சுத்துவட்டாரத்துல எங்க தோண்டினாலும் உப்புத் தண்ணிதான்…"

"அக்கா! அக்கா! பாப்பா!"

"என்னங்க டீச்சரு?"

"பாப்பா பேசிட்டாங்க்கா!"

"குறுக்க பேசிட்டீங்க பாருங்க, உட்டுப்போச்சி. இருங்க, மொதல்லருந்து சொல்றன். மொத மொதல்ல இங்க ரயிலு நின்னது ஆளுக்கில்லைங்க…"

என் வாயை என் கையாலேயே பொத்திக்கொண்டேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"தண்ணிக்கு."

அவர் குரலில் இருக்கும் அதே இழுப்பு. ஜன்னலைப் பார்த்து நான் வெடுக்கென்று சொன்னது போல இல்லை. தாகம் எடுத்த குழந்தை தண்ணி என்றுதான் கேட்கும். இவள் தண்ணீர் கேட்கவில்லை. ரயில் எதற்கு நின்றது என்று சொல்கிறாள். ஒன்றேகால் வருஷம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த இடம் அவளுக்காகத் திறந்தே இருந்திருக்கிறது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் முந்திக்கொண்டு போய் அதை அடைத்திருக்கிறேன்.

போன் உப்புத் தண்ணீரைத் தாண்டிக் கிணற்றுக்குப் போய்விட்டது. இனி கத்தரிக்காய்க்காரி வருவாள். நான் வேண்டுமென்றே குறுக்கே பேசினேன்.

"அக்கா, அந்தத் தொட்டி எவ்வளோ ஒசரம் இருக்குங்க்கா?"

"அதுக்குத்தானங்க வர்றன்! நீங்க குறுக்க பேசாம இருந்தாத்தான? மொத மொதல்ல இங்க ரயிலு நின்னது ஆளுக்கில்லைங்க…"

"தண்ணிக்கு."

ஐந்து தடவை குறுக்கே பேசினேன். ஐந்து தடவையும் அவர் அலுத்துக்கொண்டே முதலுக்குப் போனார். புறக்கடையில் இருந்த மாமியார் ஈரக்கையோடு வந்து வாசற்படியில் நின்றுவிட்டார். நான்கு வயது வரை கையைக் காட்டிய மகனைப் பற்றி அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாவது தடவை குறுக்கே பேசாமல் கேட்டேன். கிணறு, கூடை, கார்டு, பலகை, டீசல். "அப்ப எங்க மாமனாருக்கு எளவயசுங்க. ஊர்ல எல்லாரும் கூடி…" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"கூடி?" என்றேன். "கூடி என்னங்க்கா பண்ணாங்க? எப்படி மறுபடி நிறுத்த வெச்சாங்க?"

"அது தெரியலைங்க டீச்சரு."

"தெரியலையா?"

"எங்க மாமனாரு சொல்லிக்கிட்டு வருவாரு. சரியா இந்த எடத்துல ரயிலு வந்துரும். நான் டிக்கெட்ட எடுத்துக்கிட்டு ஓடிருவன். அப்பறம் அவரும் போய்ச் சேந்துட்டாரு."

எனக்கு அழுவதா, சிரிப்பதா, அந்தப் பேனாவைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. ஒன்றேகால் வருஷம் நான் கேட்டதும், முப்பது வருஷம் அவர் சொன்னதும் கடைசி இல்லாத ஒரு கதை.

"ஆமாங்க, நடுவுல ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சே, யாருங்க அது?"

"பாப்பாதாங்க்கா."

"பாப்பாவா?" அவர் குரலில் நிஜமான வருத்தம். "அதும் குறுக்க பேச ஆரம்பிச்சிருச்சா?"

மனுவை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். கடைசி இல்லாமல்தான். இதுவரை பதில் இல்லை. பாசஞ்சர் காலையில் எங்கள் ஊரைத் தாண்டும்போது ஒரு கூவு கூவிவிட்டுப் போகிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸில்தான் போனோம். அவள் அலறினாள், ஆனால் நான் இறங்கவில்லை. வகுப்பில் அவள் தேம்பி அடங்கும்வரை காத்திருந்து மேடத்திடம் சொன்னேன்.

"வார்த்த வந்துருச்சுங்க மேடம்."

"அப்படியா! என்ன சொன்னா?"

"தண்ணிக்கு."

மேடம் முகம் மலர்ந்து நோட்டில் 'தண்ணி' என்று எழுதினார். தம்ளர் படத்துக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

"தண்ணி இல்லைங்க மேடம். தண்ணிக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானங்க?"

"இல்லைங்க."

வெளியே நான்கைந்து தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, என்ன வித்தியாசம்னு சுருக்கமாச் சொல்லுங்க" என்றார்.

நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சுருக்கமாச் சொல்ல முடியாதுங்க மேடம். இருங்க, மொதல்லருந்து சொல்றன்."